ரெண்டு பேர் படகு

என் அக்காவுக்குப் படகுப் பித்துப் பிடித்தது, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுவாரம். அதற்கு முன் அவளுக்கு எந்தப் பித்தும் இருந்ததில்லை. புதுச் செருப்பு வாங்கவே நாலு மாதம் யோசிப்பவள். அப்படிப்பட்டவள் ஒரு நாள் காலையில் கையில் சாக்பீஸும் அளவு நாடாவுமாகக் கொல்லைப்புறத்தில் குனிந்து நின்றுகொண்டிருந்தாள். சிமெண்டுத் தரையில் ஒரு கோடு கிழித்தாள், நாடாவை இழுத்தாள், உதட்டைப் பிதுக்கினாள், அழித்துவிட்டு மறுபடி கிழித்தாள்.

"என்னக்கா இது? கட்டம் போட்டு நொண்டி விளையாடப் போறியா?" என்றேன்.

"தள்ளி நில்லு. நீ தண்ணியில நிக்கிறே" என்றாள்.

குனிந்து பார்த்தேன். தரையில் இரண்டு படகுகள். ஒன்று பத்தடி, இன்னொன்று பதினாறடி. இரண்டுமே அலுமினியத்தில் வருமாம், ஏரியில் சும்மா உல்லாசமாகப் போய்வர. சின்னது கொல்லைக்குள் அடங்கிவிட்டது. பெரியதுக்கு இடம் போதவில்லை. அதன் மூக்கு வாசற்படியைத் தாண்டிச் சமையலறைக்குள் புகுந்து அடுப்பு மேடையில் முட்டிக்கொண்டு நின்றது. அன்று முழுவதும் நான் படகுக்குள் நின்றுதான் சமைத்தேன்.

சாயங்காலம் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டாள். சின்னப் படகில் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து பார்த்தோம். முழங்கால் இடித்தது. பெரிய படகில் தாராளமாகக் கால் நீட்டி உட்கார்ந்தோம், ஆனால் ஒருவரோடு ஒருவர் கத்திப் பேச வேண்டியிருந்தது. அவள் கொல்லையில் இருந்தாள், நான் சமையலறையில் இருந்தேன். பக்கத்து வீட்டுக்காரி மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்து, "உங்களுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்று விசாரித்தாள். அக்காவை விட்டுவிட்டு என்னைத்தான் கேட்டாள் என்பதை நான் இன்னும் மறக்கவில்லை.

அக்கா சுற்றுலாப் பேருந்து ஓட்டுநராக இருந்தவள். அந்தக் கம்பெனியில் டிக்கெட் கிழிக்கத்தான் சேர்ந்தாள். ஒரு நாள் ஓட்டுநர் காய்ச்சலில் படுத்துவிட, முதலாளி தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்க, "நான் வேணா எடுத்துப் பார்க்கட்டுங்களா?" என்று கேட்டிருக்கிறாள். பெரிய வண்டிக்கு லைசென்ஸ் எடுத்து வைத்திருக்கிறாள் என்பதே வீட்டில் அன்றுதான் எங்களுக்குத் தெரியும். அதற்கப்புறம் அவள் இறங்கவே இல்லை. சந்து பொந்தெல்லாம் ரிவர்ஸில் விடுவாள். ஹாரனை அவள் அடித்து யாரும் கேட்டதில்லை. எங்கள் வீட்டுக்கு ஒதுக்கிய கோபம் மொத்தமும் என் பங்குக்கு வந்துவிட்டது, பொறுமை மொத்தமும் அவள் பங்குக்குப் போய்விட்டது. அப்பாவுக்கு எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூட நேரமிருந்ததில்லை. அவள் பெரிசு, நான் சின்னது, அவ்வளவுதான். எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது, அக்கா இன்னும் அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

"ஏன்டீ, இத்தனை வருஷமா முன்னால ஒருத்தன், பின்னால ஒருத்தன், பக்கத்துல ஒருத்தன். இடிக்காம ஓட்டு, இடிக்காம ஓட்டுன்னே காலம் போயிடுச்சு. இடிக்கறதுக்கு ஒண்ணுமே இல்லாத இடத்துல ஒரு தடவை ஓட்டிப் பார்க்கணும்" என்றாள்.

அந்த ஆசையில் நான் என்ன குறை சொல்ல முடியும்? எனக்குக் குறையெல்லாம் அந்த ஆள் மேல்தான்.

அவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவர் பூட்டு ரிப்பேர் செய்பவர், சாவி வெட்டுபவர், மனைவியை இழந்தவர், கடைக்கு மேலேயே ஒற்றை அறையில் குடியிருப்பவர். அக்கா வேலையிலிருந்த கடைசிக் காலத்தில் ஒரு முறை நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு போனாள், அதில் இவரும் ஒருவர். வழியில் பெட்ரோல் பங்கில் நிறுத்தி, எல்லாரும் ஏறியதும் அக்கா வழக்கம்போலத் தலை எண்ணினாள். விரலை நீட்டி எண்ணினால் பயணிகளுக்கு மரியாதைக் குறைவாம், அதனால் முன்னாலிருக்கும் பெரிய கண்ணாடியில் பார்த்தே எண்ணிவிடுவாள். நாற்பது. கிளம்பிவிட்டாள். ரொம்ப தூரம் போன பிறகு கடைசி வரிசை அம்மாள் ஒருத்தி, "என் பக்கத்துல இருந்தவரைக் காணோமே" என்றாள். அக்கா மறுபடி எண்ணினாள். மறுபடியும் நாற்பது. இன்னொரு தரம் எண்ணும்போதுதான் விஷயம் பிடிபட்டது. கண்ணாடியில் தெரிந்த தன் தலையையும் சேர்த்து எண்ணியிருக்கிறாள்.

வண்டியைத் திருப்பிக்கொண்டு ஓடினாள். அங்கே இவர் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டிருந்தார். கழிவறைத் தாழ்ப்பாள் உள்ளே மாட்டிக்கொண்டுவிட்டதாம். பூட்டுக்காரர் கழிவறையில் பூட்டிக்கொண்டால் வாய்விட்டுக் கத்த முடியுமா? மானம் என்ன ஆவது? பல்லைக் கடித்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்த நாணயத்தாலேயே திருகாணியைக் கழற்றி, வெளியே வந்து, கழற்றியதைத் திரும்ப ஒழுங்காக மாட்டியும் வைத்திருக்கிறார். அக்கா கைகூப்பி மன்னிப்புக் கேட்க, "பரவாயில்லைங்க, திரும்பி வந்தீங்கல்ல" என்றாராம். இந்த ஒரு வாக்கியத்தை அக்கா என்னிடம் அந்த வாரத்தில் எத்தனை தரம் சொன்னாள் என்று கேட்காதீர்கள்.

அன்றிலிருந்து அக்கா தொழிலில் ஒரு விதி வைத்துக்கொண்டாள். ஓட்டுநரை எண்ணக்கூடாது. ஓட்டுநர் கணக்கிலேயே வரமாட்டார். நான் அவருக்கு விடுபட்டவர் என்று பெயர் வைத்தேன்.

விடுபட்டவர் அதற்கப்புறம் எங்களை விடவே இல்லை. ஞாயிறு தவறாமல் வருவார். நான் போய்க் கதவைத் திறப்பேன். என்னைப் பார்த்ததும் எச்சிலை விழுங்குவார். ஏதோ சொல்ல வாயெடுப்பார், பிறகு கண் கதவுப் பக்கம் போகும். "பூட்டு எப்படி இருக்குங்க?" என்பார். நன்றாக இருந்த பூட்டைக் கழற்றி எண்ணெய் போட்டு மாட்டுவார். எங்கள் வீட்டில் வாசல் கதவுக்கு மூன்று பூட்டு. கொல்லைக் கதவுக்கு இரண்டு. செருப்பு வைக்கும் அலமாரிக்குக்கூடச் சாவி இருக்கிறது. நகைக்கடையில்கூட இவ்வளவு பந்தோபஸ்து இருக்காது. அக்காவோ அவர் வந்த நாளெல்லாம் தரையில் கால் பாவாமல் நடப்பாள்.

எனக்கு மட்டும் கண்ணில்லையா? அக்காவின் கணவர் போய்ச் சேர்ந்து பல வருடமாகிறது. நான் கல்யாணம் என்று ஒன்று பண்ணிப் பார்த்து, ஒத்துவராமல், ஒரு பெட்டியோடு அக்கா வீட்டுக்கு வந்தவள். அவள் கதவைத் திறந்து, "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை, இன்றுவரை கேட்கவில்லை. அவளுக்கும் எனக்கும் ஒரே வீடு, ஒரே தேநீர்க் கெட்டில், ஒரே சண்டை. அவள் போய்விட்டால் அந்த ஐந்து பூட்டையும் நான் ஒருத்தியாகத்தான் பூட்டித் திறக்க வேண்டும். இந்தப் பயத்தை வெளியே சொல்வேனா? மாட்டேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் எரிந்து விழுவது.

படகுக்கடைக்குப் போனபோது அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். தகரக் கூரை போட்ட பெரிய கொட்டகை, உள்ளே வரிசையாகப் படகுகள் பளபளவென்று கவிழ்ந்தும் நிமிர்ந்தும் கிடந்தன. எனக்கு ராட்சதர்கள் சாப்பிட்டுக் கழுவிக் கவிழ்த்த பாத்திரங்கள் போலிருந்தது. கடைக்காரர் பேச்சுக்காரர். சின்னதைக் காட்டினார். தகடு மெல்லிசு, ரிவெட் அடித்தது, மூன்று குறுக்குப் பலகை, பின்னால் குட்டி இன்ஜின், அதைக் கைப்பிடியால் திருப்ப வேண்டும். காரின் கூரைமேல் கட்டிக்கொண்டு எந்தக் குட்டையிலும் இறக்கலாம். பெரிசைக் காட்டினார். வெல்டிங் செய்தது, தகடு தடிப்பு, ஸ்டீயரிங், முன்னால் கண்ணாடி, மெத்தை வைத்த இருக்கைகள், கீழே சாமான் வைக்க அறைகள். அலை வந்தாலும் அசையாது. ஆனால் அதை இழுத்துப்போக டிரெய்லர் வேண்டும், நிறுத்த இடம் வேண்டும்.

அக்கா இரண்டையும் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தாள். குனிந்து அடியைப் பார்த்தாள். பெரிய படகில் ஏறி ஸ்டீயரிங்கைப் பிடித்து, பழக்கதோஷத்தில் பக்கக் கண்ணாடியைத் தேடினாள். "பிரேக் எங்க இருக்கு?" என்றாள்.

"தண்ணியில பிரேக் கிடையாதும்மா."

"அப்ப எப்படி நிறுத்தறது?"

"அது தானா நின்னுடும்."

அக்கா என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! தானாக நிற்கும் வண்டியை அவள் வாழ்நாளில் கேள்விப்பட்டதில்லை. அறுபது வயதுக்காரி அந்த இருக்கையில் உட்கார்ந்தபடி ஒரு குதி குதித்தாள்.

ஒரு நிமிடம் பெரிசு, மறு நிமிடம் சின்னது என்று இரண்டுக்கும் நடுவில் குட்டி போட்ட பூனையாக அவள் அலைந்துகொண்டிருக்க, கடைக்காரர்தான் பொறுமை இழந்து கேட்டார். "அதை விடுங்கம்மா. எத்தனை பேர் போவீங்க, அதைச் சொல்லுங்க."

அக்கா யோசிக்கவே இல்லை. "ரெண்டு பேரு."

"ரெண்டு பேர்தானே? அப்ப சின்னதே தாராளம். ரெண்டு பேருக்குன்னே செஞ்சது" என்றார்.

ரெண்டு பேர். எந்த ரெண்டு பேர் என்று அவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? ஒன்று அக்கா, இன்னொன்று யார் என்று ஊருக்கே தெரியும். நான் பக்கத்தில் குத்துக்கல்லாக நிற்கும்போதே சொல்லிவிட்டாள். எனக்கு மூக்கு நுனி சூடாகிவிட்டது. திரும்பி வரும் வழியெல்லாம் அவள் ரிவெட், வெல்டிங் என்று உற்சாகமாகப் பேசிக்கொண்டு வந்தாள், நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் ஒற்றைக் காலில் நின்றேன். வாங்கினால் பெரிசுதான் வாங்க வேண்டும். சின்னது கவிழும் என்றேன். "கவிழாது" என்றாள். முதுகு வலிக்கும் என்றேன். "குஷன் வெச்சுக்கறேன்" என்றாள். ரிவெட் எல்லாம் பித்தான் மாதிரி, ஒன்று தெறித்தால் போச்சு என்றேன். நான் சலவைக்கடையில் இஸ்திரிப் பெட்டியோடு காலம் தள்ளுபவள், பித்தான் தெறிப்பது பற்றி எனக்குத் தெரியாதா?

"உனக்கு என்னடீ பெரிசு மேல திடீர்னு இவ்வளவு ஆசை?" என்றாள்.

நான் போய்ப் பாத்திரம் கழுவினேன். கழுவிய பாத்திரத்தையே இன்னொரு தரம், தெருவுக்குக் கேட்கும்படி கழுவினேன்.

மறுநாள் அவள் கூடத்தில் போனில் பேசிக்கொண்டிருந்தாள். நான் ஒட்டுக்கேட்கவில்லை, கதவருகே துணி மடித்துக்கொண்டிருந்தேன், காது தானாகக் கேட்டது.

"இல்லைங்க, அதெல்லாம் முடியவே முடியாது. சின்னதை விட்டுட்டு நான் வரமாட்டேன். பெரிசு மட்டும் வந்து என்ன பிரயோஜனம்? நீங்களே சொல்லுங்க."

ஆக, முடிந்துவிட்டது. படகுக்கடைக்காரர் பாவம், பெரிசை விற்கக் கடைசியாக ஒரு முயற்சி செய்து பார்த்திருக்கிறார். அக்கா அசையவில்லை. அன்று மத்தியானமே சின்னப் படகுக்குச் சொல்லிவிட்டாள். நான் மடித்த துணியை உதறிவிட்டு மறுபடி மடித்தேன். அழுகை வந்தது. அழவில்லை. துணிமேல் கறை படும்.

அந்த வாரம் விடுபட்டவர் என் கடைக்கே வந்துவிட்டார். கையில் ஒரு கறுப்புக் கோட்டு, அதில் பூச்சி உருண்டை வாசனை. "ஞாயித்துக்கிழமைக்கு வேணும்" என்றார். அன்றுதான் படகோடு ஏரிக்குப் போவதாக இருந்தது. ஏரிக்குக் கோட்டுப் போட்டுக்கொண்டு யார் போவார்கள்?

"நீங்களும் வர்றீங்கல்ல?" என்று கேட்டார். நெற்றியில் வியர்வை.

"கரையில நின்னு கையாட்ட ஒரு ஆள் வேணுமில்ல, வர்றேன்" என்றேன்.

"அய்யோ, அப்படி இல்லைங்க... நான் வந்து... உங்ககிட்ட..." என்று இழுத்தார். நான் நீராவி இஸ்திரியை அழுத்தினேன், புஸ்ஸென்று புகை கிளம்பியது. அவர் பின்வாங்கினார். "உங்க கடை ஷட்டர் பூட்டு எப்படி இருக்கு?" என்றார்.

எவ்வளவு எரிச்சல் இருந்தாலும் தொழிலில் நான் துரோகம் செய்ய மாட்டேன். அந்தக் கோட்டின் கழுத்துப் பட்டியைக் கண்ணாடி மாதிரி தேய்த்துக் கொடுத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் கொஞ்சம் அடங்கிய பின் ஏரிக்குப் போனோம். நான் ஒரு குடை, ஒரு மடக்கு நாற்காலி, ஒரு பத்திரிகை எடுத்துக்கொண்டேன். அவர்கள் இரண்டு பேரும் தண்ணீரில் கொஞ்சிக்கொண்டு போகும்போது நான் கரையில் கௌரவமாகப் பத்திரிகை படிப்பதாகத் திட்டம். படகுக்கடைக்காரர் முன்னாலேயே வந்து படகை இறக்கிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு வாரமாக அவர்தான் அக்காவுக்குப் பழக்கிக்கொடுத்திருந்தார். கைப்பிடியை வலது பக்கம் தள்ளினால் படகு இடது பக்கம் போகும் என்பதை அவள் ஜீரணிக்கவே மூன்று நாளானதாம்.

"இந்தாங்கம்மா, படகோட வர்ற மிதவைச் சட்டை, ரெண்டு" என்று கொடுத்தார்.

அக்கா ஒன்றை வாங்கி, வந்த வேகத்தில் என் தலைவழியாக மாட்டினாள். "குடையைக் கீழ போடு. கையைத் தூக்கு." பட்டையை இழுத்து இறுக்கினாள். இன்னொன்றை விடுபட்டவருக்குக் கோட்டின்மேலேயே மாட்டினாள். அப்புறம் இரண்டு கையையும் தட்டி, பேருந்து நிலையத்துக் குரலில், "ஏறுங்க ஏறுங்க! சீக்கிரம்! முன்னாடி ஒருத்தர், நடுவுல ஒருத்தர்!" என்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அந்தக் குரலுக்கு நாற்பது பேர் அடங்கிப் போவார்கள், நான் எம்மாத்திரம்? ஏறி முன்பலகையில் உட்கார்ந்துவிட்டேன். விடுபட்டவர் தடுமாறி நடுவில் உட்கார்ந்தார். படகு ஆடியது. அக்கா பின்னால் இன்ஜின் பக்கம் வந்து ஒரு காலை உள்ளே வைத்தாள். தண்ணீர் விளிம்புக்கு ஒரு விரல்கடை வரை ஏறிவிட்டது.

"அம்மா! அம்மா! நிறுத்துங்க!" என்று கடைக்காரர் அலறினார். "என்ன பண்றீங்க? ரெண்டு பேருன்னுதானே சொன்னீங்க?"

"ஆமா. இதோ, ரெண்டு பேரு" என்று அக்கா எங்களைக் காட்டினாள்.

"அப்ப நீங்க?"

"நான் டிரைவர்."

கடைக்காரர் கயிற்றை இழுத்துப் பிடித்தார். "அம்மா, ரெண்டு பேர் படகுன்னா ஓட்டறவங்களையும் சேர்த்துத்தான் ரெண்டு."

அக்காவுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். "இது என்னங்க அநியாயம்! நாற்பது பேர் வண்டின்னா டிரைவர் சீட்டு தனி. ஓட்டறவளுக்கு இடமில்லாம எவனாவது வண்டி செய்வானா?"

முதலில் சிரித்தது விடுபட்டவர். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார், படகும் சேர்ந்து குலுங்கியது. அப்புறம் கடைக்காரர் கயிற்றோடு தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், பிறகு பார்த்தால் கன்னமெல்லாம் ஈரம். ரெண்டு பேரில் ஒருத்தி நான். அவள் கடையில் யோசிக்காமல் சொன்ன அந்த ரெண்டில் நான் இருந்தேன், அவள்தான் இல்லை. ஒரு வாரம் முழுக்க நான் கழுவிய பாத்திரங்களை நினைத்து எனக்கே வெட்கமாகிவிட்டது.

நான் கரையேறி மிதவைச் சட்டையைக் கழற்றினேன். அவரும் இறங்கி வந்து கழற்றப் பார்த்தார், ஆனால் பட்டை கோட்டுப் பித்தானில் சிக்கிக்கொண்டுவிட்டது. என்னுடையதை அக்காவுக்கு மாட்டினேன். "முதல்ல நீ ஒரு சுத்து போயிட்டு வா. படகு வாங்கினது நீ."

"மூணு பேரும் போறதாத்தானே திட்டம்" என்று முணுமுணுத்தாள். ஆனாலும் கண் ஏரிப்பக்கம்தான். இன்ஜின் கயிற்றை இழுத்தாள். கிளம்புவதற்கு முன் அவரைப் பார்த்து, "நான் திரும்பி வர்றதுக்குள்ள கேட்டுடுங்க" என்றாள்.

"என்னத்தைக் கேட்கணும்?" என்றேன். படகு நகர்ந்துவிட்டது. ஏரி நடுவில் அவள் போன வேகத்தைப் பார்க்க வேண்டுமே! இடிக்க ஒன்றுமில்லை, முந்த ஒருவருமில்லை. நேராகப் போனாள், வளைந்தாள், காரணமே இல்லாமல் இன்னொரு முறை வளைந்தாள். வாயால் ஹாரன் அடித்தாள். கரைவரை கேட்டது.

கரையில் நானும் விடுபட்டவரும். அவர் எச்சிலை விழுங்கினார். கண் என் கைப்பைப் பக்கம் போனது. "உங்க பை ஜிப்பு..."

"ஐயா, பூட்டு, ஜிப்பு, தாழ்ப்பாள்னு இன்னும் ஒரு வார்த்தை பேசினீங்கன்னா இந்த ஏரியிலேயே தள்ளிடுவேன். கேட்கறதைக் கேளுங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் கொட்டினார். "டிரைவரம்மாவைக் கல்யாணம் பண்ணிக்க ஆசைன்னு அவங்ககிட்ட போன வருஷமே சொல்லிட்டேங்க. அவங்க உங்களைக் கேட்கச் சொன்னாங்க. நீங்க சரின்னாத்தானாம். ஒவ்வொரு ஞாயிறும் கேட்கத்தான் வர்றேன். நீங்க கதவைத் திறந்து ஒரு பார்வை பார்ப்பீங்க பாருங்க, எனக்கு பூட்டைப் பத்தித்தான் பேச வருது."

அத்தனை பூட்டும் எனக்குப் பயந்து போட்ட பூட்டா! எனக்கு உச்சி குளிர்ந்ததா, தலை சுற்றியதா என்று தெரியவில்லை. கூடத்தில் பேசிக்கொண்டிருந்த அந்தப் போன் மட்டும் காதில் ஒலித்தது.

"போன வாரம் உங்களோட போன்லயா பேசிக்கிட்டிருந்தா?"

"ஆமாங்க. என் கடை மாடிக்கே வந்துடுங்களேன்னு சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டேன். சின்னதை விட்டுட்டு வரமாட்டேன்னு ஒரே போடாப் போட்டுட்டாங்க. சரி, நானே உங்க வீட்டுக்கு வர்றேன்னேன். அதுக்கும் உங்களைத்தான் கேட்கணும்னாங்க. படகுல வெச்சுக் கேளுங்க, அங்கதான் அவளால எழுந்து போக முடியாதுன்னு ஐடியா குடுத்ததும் அவங்கதான்." அவர் கண்ணைத் திறந்தார். "எனக்கு ஒரு மூலை போதுங்க. சாவி மெஷின் சத்தம் போடாது."

நான் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தேன். எழுந்தேன். மறுபடி உட்கார்ந்தேன். எத்தனையோ நாள் என்னை யாரும் ஒன்றும் கேட்டதில்லை, கேட்டாலும் கறை போகுமா என்றுதான் கேட்பார்கள். இங்கே ஒரு வருடமாக இரண்டு பேர் என் ஒரு சொல்லுக்காகக் காத்துக்கொண்டு கிடக்கிறார்கள். எனக்கு அழத் தோன்றியது, ஆடத் தோன்றியது, இந்த மனிதரை நாலு திட்டு திட்டவும் தோன்றியது.

ஏரி நடுவில் இன்ஜின் சத்தம் நின்றது. பதில் காதில் விழ வேண்டும் என்று அக்காவே நிறுத்தியிருக்கிறாள்.

"கேட்டாச்சா?" என்று குரல் தண்ணீர்மேல் வந்தது.

"கேட்டுட்டேன்!" என்று இவர் கத்தினார்.

"என்ன சொன்னா?"

அவர் என்னைப் பார்த்தார். கடைக்காரரும் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் கடைக்காரர் பக்கம் திரும்பினேன். "அந்தப் பதினாறடி இன்னும் கடையில இருக்கா?"

"இருக்கும்மா."

"மாத்திக் குடுப்பீங்களா?"

"தாராளமா."

கையை வாயருகே குவித்துக்கொண்டு, தொண்டை கிழியக் கத்தினேன். "அக்கா! சின்னது பத்தாது! பெரிசா வாங்கிடலாம்! மூணு பேருக்கு!"

ஏரி நடுவில் அவள் எழுந்து நிற்கப் பார்த்து, படகு ஆட, மறுபடி உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். பிறகு இன்ஜின் கயிற்றை இழுத்தாள். அது கிளம்பவில்லை. துடுப்பை எடுத்தாள். இத்தனை காலம் எவ்வளவோ பெரிய வண்டியைச் சந்துக்குள் ரிவர்ஸ் விட்டவள், வலப்பக்கம் போட்டால் இடப்பக்கம், இடப்பக்கம் போட்டால் வலப்பக்கம் என்று அதே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்தாள், சிரிப்பை அடக்க முடியாமல். விடுபட்டவர் கோட்டோடு, ஷூவோடு தண்ணீரில் இறங்கிவிட்டார்.

"ஐயா, அந்தக் கோட்டு!" என்று கத்தினேன். அவர் காதில் வாங்கவில்லை. முழங்கால் தண்ணீரில் நின்று இரண்டு கையையும் நீட்டி, "இந்தப் பக்கம்! டிரைவரம்மா, இந்தப் பக்கம்!" என்று வழிகாட்டிக்கொண்டிருந்தார்.

நானும் செருப்போடு இறங்கினேன்.